மூன்று லாக்புக், ஒரு மொட்டை மாடி: வண்ணாரப்பேட்டை வீடு ஒன்றின் விமானப் பயிற்சி

பழைய வண்ணாரப்பேட்டை வீடு ஒன்றின் பீரோவில் மூன்று லாக்புக் (விமானி பறந்த நேரத்தைப் பதியும் புத்தகம்) இருக்கின்றன. தாத்தாவின் புத்தகத்தில் கடைசிக் கூட்டல் 17 மணி 20 நிமிடம். சித்தப்பாவினுடையது 262 மணியில் நின்றுவிட்டது. பேத்தியின் புத்தகம் இப்போது 213 மணி. அது மட்டும் இன்னும் மூடவில்லை. இந்தக் குடும்பம் விளக்கத்துக்காகக் கோத்த ஒரு கற்பனை மாதிரி. விதிகளும் விமானங்களும் ஊர்களும் உள்ளபடியே. கட்டணம், நாள் கணக்கெல்லாம் அந்த மாதிரிக்குப் போட்டுப் பார்த்தவை.

வட சென்னையில் பைலட் பேச்சை எடுத்தால் இரண்டு பதில் உடனே வரும். "கண்ணாடி போட்டா எடுக்க மாட்டாங்க." "அதுக்கெல்லாம் கோடிக்கணக்குல வேணும்பா." முதலாவது தவறு. கண்ணாடியோடு பார்வை உரிய அளவுக்கு வந்து, பவரும் வரம்புக்குள் இருந்தால் போதும். இரண்டாவது பதில் பாதிதான் உண்மை. மூன்று புத்தகங்களையும் பக்கத்தில் பக்கத்தில் விரித்து, மணிக் கணக்கை விட்டுவிட்டுத் தேதிகளை மட்டும் பார்த்தால் வேறொன்று தெரிகிறது. பறந்த நாளுக்கும் அடுத்துப் பறந்த நாளுக்கும் நடுவில் விழுந்த இடைவெளிதான் மூவரையும் இழுத்தடித்திருக்கிறது. காரணம் மட்டும் தலைமுறைக்குத் தலைமுறை மாறியிருக்கிறது.

தாத்தா: 1960களின் புஷ்பக்

விமானம் என்றாலே மீனம்பாக்கம் என்று பழகிவிட்டோம். இரண்டாம் உலகப் போரில் வடக்குப் பக்கமும் ஆகாயம் பரபரப்பாகத்தான் இருந்தது. செங்குன்றம் ஏரியில் பிரிட்டிஷ் விமானப்படையின் கேடலீனா கடல் விமானங்கள் இறங்கின. சோழவரத்தில் போர்க்கால ஓடுதளம் இருந்தது. போர் முடிந்ததும் ஏரி குடிநீருக்குத் திரும்பியது, ஓடுதளம் மோட்டார் பந்தயத்துக்குப் போனது. தாத்தா சைக்கிளில் போய்ப் பார்த்தது பந்தயத்தைத்தான். பறக்க வேண்டுமென்றால் அவரும் தெற்கேதான் போக வேண்டியிருந்தது.

அவருக்குக் கிடைத்த வழி கல்லூரி என்சிசியின் விமானப் பிரிவு. மாணவர் கையிலிருந்து பெரிய காசு வாங்காமல் பறக்கவிட்ட ஏற்பாடு அது. நடைமுறை இப்படி: விடிவதற்கு முன்பே பீச் ஸ்டேஷனுக்கு நடந்து போய், முதல் மீட்டர் கேஜ் மின்ரயிலைப் பிடித்து, மீனம்பாக்கத்தில் இறங்க வேண்டும். அவ்வளவு சீக்கிரம் போனதற்குக் காரணம் கடற்காற்று. சென்னையில் கோடையில் பகல் ஏறினால் கிழக்கிலிருந்து காற்று திரும்பும், வெயிலில் தரை சூடாகி விமானம் குலுங்கும். புதுக் கைக்குக் காலை 6லிருந்து 9 வரைதான் நல்ல நேரம். அந்த மூன்று மணி நேரத்துக்குள் வரிசையில் எட்டுப் பேர், ஆளுக்கு 25 நிமிடம். ஒருவர் இன்ஜினைச் சூடாக்குவதற்குள் கடைசி ஆளுக்குக் காற்று வந்துவிடும்.

விமானம் எச்ஏஎல் புஷ்பக். 1958இல் முதலில் பறந்தது. மேல் இறக்கை, துணி போர்த்திய உடல், பக்கத்தில் பக்கத்தில் இரண்டு இருக்கை, 90 குதிரைத்திறன் இன்ஜின். வால் பக்கம் சின்னச் சக்கரம். இந்த வால் சக்கரம்தான் அந்தத் தலைமுறைக்கு வாத்தியார். இப்படிப்பட்ட விமானத்தில் எடை மையம் முன் சக்கரங்களுக்குப் பின்னால் இருக்கும். இறங்கி ஓடும்போது மூக்கு கொஞ்சம் இடது பக்கம் திரும்பினால், பின்னால் இருக்கும் எடை நேராகவே போகப் பார்க்கும். அது வாலைத் தள்ளித் திருப்பத்தை இன்னும் பெரிதாக்கும். அரை நொடி தாமதித்தால் விமானம் தன்னைத்தானே சுற்றி இறக்கை நுனியைத் தரையில் தேய்த்துவிடும். இதற்குப் பெயர் கிரவுண்ட் லூப். ஓடுகிற ட்ராலியைப் பின்னாலிருந்து தள்ளினால் பக்கவாட்டில் ஓடப் பார்க்கும், முன்னாலிருந்து இழுத்தால் நேராக வரும். அதே கணக்குதான். தீர்வு: திருப்பம் கண்ணுக்குத் தெரியும் முன்பே கால் ரடரில் (வால் பக்கத் துடுப்பைத் திருப்பும் மிதி) சின்னச் சின்னதாக அசைந்துகொண்டே இருக்க வேண்டும், வண்டி நின்ற பிறகுதான் கால் ஓய வேண்டும்.

தாத்தா 13 மணி நேரம் பறந்ததும் சோலோ (இன்ஸ்ட்ரக்டர் இல்லாமல் தனியாக) போயிருக்கிறார். இது நல்ல கணக்கு. ஆனால் அந்த 13 மணி நேரம் இரண்டு கல்வியாண்டில் சிதறிக் கிடக்கிறது: ஆகஸ்டில் 40 நிமிடம், அக்டோபரில் ஒரு மணி, பரீட்சை, விடுமுறை, பிப்ரவரியில் மறுபடி. புத்தகத்தின் குறிப்புப் பத்தியில் ஒரே வரி ஐந்து முறை வருகிறது: சர்க்யூட் (ரன்வேயைச் சுற்றி வருவது), லேண்டிங், மறுபயிற்சி. மொத்த நேரத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு, ஏற்கெனவே கற்றதைத் திரும்பப் பிடிக்கவே போயிருக்கிறது. படிப்பு முடிந்து ரயில்வே வேலைக்குப் போனதும் என்சிசி முடிந்தது, பறப்பும் முடிந்தது. தனியார் உரிமத்துக்கு 40 மணி நேரம் தேவை. மீதி 23 மணியைச் சொந்தச் சம்பளத்தில் பறக்க முடியவில்லை.

சித்தப்பா: உரிமம் இருந்தது, வேலை இல்லை

இந்தப் புத்தகத்தில் பறப்பு ஒழுங்காகவே இருக்கிறது. 1994இல் தொடங்கி 1996இல் சிபிஎல் என்ற வணிக விமானி உரிமம். நேரம் தவறியது வெளியே. 1994இல்தான் ஏர் கார்ப்பரேஷன்ஸ் சட்டம் நீங்கித் தனியார் நிறுவனங்களுக்குச் சட்டப்படி முழு வழி திறந்தது. ஆனால் ஈஸ்ட் வெஸ்ட், தமானியா, மோடிலுஃப்ட், சென்னையைத் தலைமையிடமாக வைத்திருந்த என்இபிசி எல்லாம் 1997க்குள் ஒவ்வொன்றாக நின்றுவிட்டன. ஆயிரக்கணக்கான மணி நேரம் பறந்தவர்களே வேலை தேடி நின்ற வரிசையில் 262 மணி நேரக்காரரை யார் கூப்பிடுவார்கள்? துறைமுகத்தில் கஸ்டம்ஸ் கிளியரிங் அலுவலகத்தில் சேர்ந்தார்.

பலரும் கவனிக்காத விஷயம் இங்கேதான் இருக்கிறது. சிபிஎல் என்பது பட்டச் சான்றிதழ் மாதிரி பீரோவில் வைத்தால் கெடாத பொருள் அல்ல. 2023இல் அதன் செல்லுபடி 5 ஆண்டிலிருந்து 10 ஆண்டாக நீண்டிருக்கிறது, அது நல்லதுதான். ஆனால் காகிதம் செல்லும் என்பது வேறு, அதை வைத்துப் பறக்கலாம் என்பது வேறு. வணிக விமானிக்கான கிளாஸ் 1 மருத்துவச் சான்றை ஆண்டுக்கொரு முறை புதுப்பிக்க வேண்டும். வெளியே பார்க்காமல் கருவிகளை மட்டும் பார்த்துப் பறக்கும் கருவிவழிப் பறப்புத் தகுதிக்கு ஆண்டுதோறும் சோதனை உண்டு. அண்மையில் பறந்த கணக்கும் காட்ட வேண்டும். இவை மூன்றில் எது விட்டுப்போனாலும் மறுபடி தொடங்கக் காசு. 2003லிருந்து 2006க்குள் ஏர் டெக்கான், ஸ்பைஸ்ஜெட், கோஏர், இண்டிகோ என்று வரிசையாக வந்து, பைலட் கிடைக்காமல் வெளிநாட்டிலிருந்து ஆள் எடுத்த காலத்தில் சித்தப்பாவுக்கு வயது 33 தான். ஒன்பது ஆண்டு இடைவெளியை மூடச் சிமுலேட்டர், மறுபயிற்சி, சோதனைக் கட்டணம், கூடவே டைப் ரேட்டிங் (குறிப்பிட்ட வகை விமானத்தை ஓட்டும் தகுதி). வீட்டில் இரண்டு குழந்தைகள். விட்டுவிட்டார். 2008இல் சந்தை மறுபடி சரிந்தது.

கிங்ஃபிஷர் 2012, ஜெட் 2019, கோ ஃபர்ஸ்ட் 2023: இந்த அலை அதற்குப் பிறகும் ஓயவில்லை. பைலட் தட்டுப்பாடு என்று செய்தி வரும் ஆண்டில் பயிற்சிக்குச் சேர்பவர், முடித்து வரும்போது எந்த ஆண்டில் இருப்பார் என்பது யாருக்கும் தெரியாது. விளம்பரப் பலகைகள் இதைச் சொல்வதில்லை.

பேத்தி: காகிதம்

2020இல் மாநிலப் பாடத்திட்டத்தில் பிளஸ் டூ, கணிதமும் இயற்பியலும் உண்டு. சிபிஎல்லுக்கு இந்த இரண்டும் வேண்டும். வேறு குரூப் எடுத்தவர்கள் தேசியத் திறந்தநிலைப் பள்ளி வழியாக அந்த இரண்டு பாடத்தை மட்டும் எழுதிச் சேர்வதுண்டு.

முதல் முட்டுக்கட்டை இன்ஷியல். பத்தாம் வகுப்பு மதிப்பெண் பட்டியலில் பெயர், முன்னால் ஓர் எழுத்து. ஆதாரில் பெயருக்குப் பின்னால் அப்பா பெயர். பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் என்ற இடத்தில் அப்பா பெயர். தமிழ்நாட்டில் பாதிப் பேருக்கு இதுதான் நிலைமை, அன்றாடத்தில் யாரும் கண்டுகொள்வதில்லை. விமானப் போக்குவரத்து இயக்குநரகமான டிஜிசிஏவின் இணையதளத்தில் கம்ப்யூட்டர் எண்ணுக்கு விண்ணப்பிக்கும்போது கண்டுகொள்வார்கள். அந்த எண் இல்லாமல் ஒரு தேர்வும் எழுத முடியாது. அதோடு மதிப்பெண் பட்டியல் அசல்தான் என்று தேர்வு வாரியமே சரிபார்த்துத் தர வேண்டும். 2011இல் போலிப் பட்டியல் கொடுத்து உரிமம் வாங்கிய சிலர் பிடிபட்ட பிறகு இதில் விட்டுக்கொடுப்பதில்லை. நுங்கம்பாக்கம் அரசுத் தேர்வுகள் இயக்ககத்துக்கு நான்கு நடை, பெயரை ஒரே மாதிரி ஆக்க இன்னும் சில நடை, மொத்தம் மூன்று மாதம். பிளஸ் டூ படிக்கும்போதே ஆதாரையும் பாஸ்போர்ட்டையும் பத்தாம் வகுப்புப் பட்டியலின்படி மாற்றி வைத்திருந்தால் இந்த மூன்று மாதம் மிச்சம்.

மருத்துவத்தைப் பணம் கட்டும் முன்பே முடிக்க வேண்டும். இதை எத்தனை முறை சொன்னாலும் தலைகீழாகச் செய்கிறவர்கள் இருக்கிறார்கள். முதலில் கிளாஸ் 2, பிறகு கிளாஸ் 1. நிறக்குருடு இருந்தால் இஷிஹாரா அட்டையில் தெரிந்துவிடும்; அது சரியாகிற விஷயம் அல்ல. அப்படிப்பட்டவர் 5 லட்சம் முன்பணம் கட்டிய பிறகு அதைத் தெரிந்துகொள்வது கொடுமை. பேத்திக்குச் சிக்கியது ஹீமோகுளோபின். தற்காலிகமாக அன்ஃபிட். இரும்புச்சத்து மாத்திரை, முருங்கைக்கீரை, நான்கு மாதம் கழித்து மறு பரிசோதனையில் ஃபிட். பெண் பிள்ளைகளைப் பொறுத்தவரை இது அடிக்கடி வருவது. கிளாஸ் 2க்குப் போகுமுன் பக்கத்து ஆய்வகத்தில் ஒரு ரத்தப் பரிசோதனை எடுத்துப் பார்த்திருந்தால் மாத்திரையை முன்பே தொடங்கியிருக்கலாம்.

தேர்வுகள்: ஏர் நேவிகேஷன், வானிலை, ஏர் ரெகுலேஷன்ஸ், டெக்னிக்கல் பொது, டெக்னிக்கல் குறிப்பிட்டது. ஒவ்வொன்றிலும் 70 சதவீதம் எடுத்தால்தான் தேர்ச்சி. நேவிகேஷனில் முதல் முறை 62. கணக்கு வராததல்ல, கணக்கை நேரத்துக்குள் போட வராததுதான் காரணம். உதாரணத்துக்கு 60க்கு 1 விதி: 60 நாட்டிகல் மைல் போனபின் ஒரு மைல் விலகியிருந்தால் பிழை ஒரு டிகிரி. 20 மைலில் 2 மைல் விலகினால்? 2ஐ 60ஆல் பெருக்கி 20ஆல் வகுத்தால் 6 டிகிரி. இதைத் தாளில் போடாமல் வாயில் சொல்லப் பழகிய பிறகு இரண்டாம் முறை தேறினாள்.

ரேடியோ உரிமத்துக்கான ஆர்டிஆர் தேர்வு அப்போது தொலைத்தொடர்புத் துறையிடம் இருந்தது. 2024ஆம் ஆண்டு பாரதிய வாயுயான் சட்டத்துக்குப் பிறகு டிஜிசிஏவிடம் வந்துவிட்டது. தமிழ் வழியில் படித்தவர்கள் இதற்குத்தான் அதிகம் பயப்படுகிறார்கள், தேவையில்லாத பயம். ரேடியோவில் பேசுவது ஆங்கில இலக்கியம் அல்ல, இருநூறு முந்நூறு சொற்களுக்குள் ஓடும் மந்திரம். 3ஐ ட்ரீ, 5ஐ ஃபைஃப், 9ஐ நைனர் என்று சொல்வதே இரைச்சலில் குழம்பாமல் இருக்கத்தான். கஷ்டம் எண்ணைத் திருப்பிச் சொல்வதில் இருக்கிறது. காற்றழுத்த எண் 1003 என்று கட்டுப்பாட்டுக் கோபுரம் சொல்ல, உயரமானியில் 1013 என்று வைத்துவிட்டால், ஒரு ஹெக்டோபாஸ்கலுக்கு 27 அடி வீதம் 270 அடி பிழை. கருவி 1,000 அடி காட்டும்போது விமானம் 730 அடியில் இருக்கும்.

பேத்தி: பணம்

200 மணி நேரப் பயிற்சிக்கு இன்று கேட்பது சுமார் 50 லட்சம், கூடவும் குறையவும் உண்டு. வேலை தரும் நிறுவனத்தின் விமானத்துக்கு ஏற்ற டைப் ரேட்டிங் தனி; 15லிருந்து 20 லட்சம். கல்விக் கடனில் 7.5 லட்சத்துக்கு மேல் போனால் பிணை வேண்டும். சொத்து என்றால் பத்திரம், பட்டா, 30 ஆண்டு வில்லங்கச் சான்று. வட சென்னையில் கதை நிற்கும் இடம் இதுதான். குடிசை மாற்று வாரிய வீடாக இருந்தால் பலருக்கு விற்பனைப் பத்திரமே இன்னும் கையில் இல்லை. சொந்த வீடாக இருந்தாலும் பட்டா கொள்ளுத் தாத்தா பெயரில், வாரிசுகள் ஏழு பேர், ஒருவர் மலேசியாவில். இந்த வீட்டில் பட்டாவைத் தாத்தா பெயருக்கு மாற்றி, அத்தைமார்களிடம் விடுதலைப் பத்திரம் வாங்க எட்டு மாதம் ஆனது. பறப்பதோடு சம்பந்தமில்லாத வேலைதான், ஆனால் பேத்தியின் காலக்கோட்டில் மிக நீளமான ஒற்றைத் தாமதம் அது. பட்டியல் சாதி மாணவர்களுக்கான போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகையில் சிபிஎல் படிப்பும் சேர்ந்திருக்கிறது என்பது பலருக்குத் தெரியாது. தகுதி உள்ளவர்கள் வங்கிக்குப் போகும் முன் அதைக் கேட்டுப் பார்க்க வேண்டும்.

பேத்தி: பறப்பு

விம்கோ நகரிலிருந்து விமான நிலையத்துக்கு இன்று ஒரே மெட்ரோ. தாத்தாவுக்கு அது இல்லை, பயிற்சி இருந்தது. பேத்திக்கு மெட்ரோ இருக்கிறது, நெரிசலில் பயிற்சி விமானத்துக்கு அங்கே இடமில்லை. வட மாநிலம் ஒன்றில் சேர்ந்தாள். விமானம் செஸ்னா 152. இரண்டு இருக்கை, 110 குதிரைத்திறன், மொத்த எடை 757 கிலோவைத் தாண்டக் கூடாது. காலி எடை போக ஏறக்குறைய 240 கிலோ மிச்சம். அதில் முழு டேங்க் பெட்ரோலே 67 கிலோ. இன்ஸ்ட்ரக்டரும் மாணவரும் கொஞ்சம் கனமாக இருந்தால் டேங்கை நிரப்ப முடியாது என்பது இதனால்தான்.

அவள் அப்பா காசிமேட்டில் படகு இன்ஜின் பழுது பார்ப்பவர். முதல் வாரம் போனில் அவள் சொன்னது: "அப்பா, நீ டீசல் டேங்குல தண்ணி பாக்குற மாதிரியே இங்கயும் பாக்குறாங்க." அதேதான். காலையில் இரண்டு இறக்கைக்கும் அடியில் உள்ள வடிகுழாயைக் கண்ணாடிக் குடுவையால் அழுத்தி ஒரு மடக்கு எடுக்க வேண்டும். பிறகு இன்ஜின் பக்க வடிகட்டியிலிருந்தும் எடுக்க வேண்டும். விமானப் பெட்ரோலான ஏவ்கேஸ் 100எல்எல் இளநீலம். தண்ணீர் கனமானது, அடியில் நிறமில்லாத முத்தாக உருளும். ஏமாறும் இடம் ஒன்று உண்டு: குடுவை முழுக்கத் தண்ணீராகவே இருந்தால் பிரிகோடு தெரியாது, சுத்தமாக இருப்பது போலத் தோன்றும். அதனால் வெள்ளைப் பின்னணியில் பிடித்து நீலம் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும், முகர்ந்தும் பார்க்க வேண்டும். தண்ணீர் எங்கிருந்து வருகிறது? பாதி டேங்க்கில் உள்ள ஈரக் காற்று இரவுக் குளிரில் வியர்க்கிறது. மாலையிலேயே நிரப்பி வைத்தால் குறையும்.

அப்பாவுக்குத் தெரியாதது கார்புரேட்டர் பனி, பெட்ரோலையும் காற்றையும் கலக்கும் பாகத்தில் உறைவது. டீசலில் அது இல்லை. வெளியே 27 டிகிரி, ஈரப்பதம் 80 சதவீதம் என்றால் பனி எங்கே வரும் என்று தோன்றும். பெட்ரோல் ஆவியாகும்போதும் காற்று குறுகிய வாய் வழியே பாயும்போதும் கார்புரேட்டருக்குள் 20 டிகிரிக்கு மேல் சரியலாம். இறங்குவதற்குப் பவரைக் குறைத்து வைத்திருக்கும்போதுதான் ஆபத்து அதிகம். முதல் அறிகுறி, கை வைக்காமலே ஆர்பிஎம் (இன்ஜின் சுழலும் வேகம்) இறங்குவது. கார்ப் ஹீட் (கார்புரேட்டருக்குச் சூடான காற்றை விடும் பிடி) இழுத்தால் இன்னும் இறங்கும், இன்ஜின் இருமும். உருகிய தண்ணீர் உள்ளே போகிறது, அவ்வளவுதான். அந்த நேரத்தில் பயந்து ஹீட்டைத் திரும்ப உள்ளே தள்ளுவதுதான் மாணவர்கள் செய்யும் தவறு. முழுக்க இழுத்துப் பிடித்தபடி காத்திருந்தால் ஆர்பிஎம் தானாக ஏறும்.

மே மாத வெயிலிலும் ஒரு கணக்கு உண்டு. கடல் மட்டத்தில் 40 டிகிரி என்றால் தரநிலையான 15ஐவிட 25 டிகிரி அதிகம். டிகிரிக்கு 120 அடி வீதம், விமானம் 3,000 அடி உயர மலை ஊரிலிருந்து கிளம்புவதுபோல நடந்துகொள்ளும். ஓட்டம் நீளும், ஏற்றம் சோம்பும்.

இனி இடைவெளிகள். 24 மணி நேரம் பறந்ததும் சோலோ போனாள், தாமதமில்லை. அதற்குப் பிறகு லாக்புக்கில் மூன்று ஓட்டைகள்.

முதலாவது 41 நாள், கடன் தவணைக்காக. பயிற்சிப் பள்ளி வங்கிக்கான கேட்புக் கடிதத்தை மாதக் கடைசியில்தான் தரும். வங்கிக் கிளை அதை மேல் அலுவலகத்துக்கு அனுப்பும், அங்கே ஒரு கேள்வி எழும். கணக்கில் காசு தீர்ந்த பிறகு கடிதம் கேட்டதுதான் தப்பு. கையிருப்பு 15 மணி நேரத்துக்கு இறங்கும்போதே அடுத்த கடிதத்தைக் கேட்டிருக்க வேண்டும்.

இரண்டாவது 26 நாள். பள்ளியில் பறக்கும் நிலையில் இருந்தது இரண்டு 152. இரண்டையும் சமமாக ஓட்டியதால் ஒரே வாரத்தில் இரண்டும் 100 மணி நேரப் பரிசோதனையைத் தொட்டன. ஒன்றில் சிலிண்டரில் அழுத்தக் குறைவு, உதிரி வர வேண்டும். முறையாக நடத்துகிற இடத்தில் ஒன்றை முன்னே ஓடவிட்டு மற்றதைப் பின்தங்க வைப்பார்கள். பள்ளியைத் தேர்வு செய்யும்போது விமானம் எத்தனை என்று கேட்டுப் பயனில்லை. இன்று காலை பறந்தது எத்தனை, மாணவர் எத்தனை, இன்ஸ்ட்ரக்டர் எத்தனை, போன மாதம் ஒரு மாணவர் சராசரியாக எத்தனை மணி நேரம் பறந்தார் என்று கேட்க வேண்டும். கடைசிக் கேள்விக்குப் பதில் சொல்லாமல் மழுப்பினால் வேறு இடம் பார்க்கலாம்.

மூன்றாவது 58 நாள். வடக்கின் டிசம்பர், ஜனவரி மூடுபனி. கண்ணால் பார்த்துப் பறக்க 5 கிலோமீட்டர் தெரிய வேண்டும், காலை பதினொன்று வரை 800 மீட்டர்கூடத் தெரியாது. அந்த நேரம் பார்த்து இன்ஸ்ட்ரக்டர் ஒருவர் ஏர்லைன் வேலை கிடைத்துப் போய்விட்டார். இன்ஸ்ட்ரக்டர்களில் பலர் மணி நேரம் சேர்க்க வந்தவர்கள், போகத்தான் செய்வார்கள்.

ஓட்டை விழுந்தால் என்ன போகிறது? முதல் இடைவெளிக்குப் பிறகு இன்ஸ்ட்ரக்டர் எழுதிய குறிப்பு இதற்குப் பதில் சொல்கிறது: விமானத்தை நேராகப் பிடிப்பதில் குறையில்லை, செக் வரிசை விட்டுப்போகிறது, ரேடியோ தாமதம், ஃப்ளேர் (இறங்கும் கடைசி நொடியில் மூக்கை நிமிர்த்துவது) உயரத்தில். அதாவது கையும் காலும் மறக்கவில்லை, வரிசை மறந்திருக்கிறது. வரிசையை யோசித்துக்கொண்டே வந்ததால் கடைசி 20 அடியில் கண் ரன்வே நுனிக்குப் போகாமல் மூக்குக்கு முன்னால் நின்றிருக்கிறது. சீக்கிரமே நிமிர்த்திவிட்டாள், விமானம் மிதந்து வேகம் செத்து விழுந்து எகிறியது. எகிறியதும் கன்ட்ரோலை முன்னால் தள்ளினாள். 152இல் அதைச் செய்யக் கூடாது. மூக்குச் சக்கரம் முதலில் அடித்து மறுபடி எகிறும், மூன்றாவது அடியில் மூக்குக் கால் வளையும், புரொப்பெல்லர் தரையைத் தொடும். எகிறினால் மூக்கை அப்படியே பிடி, கொஞ்சம் பவர் கொடு, சந்தேகமாக இருந்தால் முழுப் பவர் கொடுத்து மறுபடி சுற்றி வா. அன்று இன்ஸ்ட்ரக்டர் கை வைத்துச் சுற்ற வைத்தார். இழந்ததைப் பிடிக்க 4 மணி 10 நிமிடம் டூயல், அதாவது இன்ஸ்ட்ரக்டரோடு.

மூன்றாவது இடைவெளியில் வீட்டுக்கு வந்தபோது தாத்தா மொட்டை மாடியில் சாக்பீஸால் ஒரு செவ்வகம் போட்டார். துணிக்கொடிப் பக்கம் ரன்வே, தண்ணீர்த் தொட்டிப் பக்கம் டவுன்விண்ட், அதாவது ரன்வேக்கு இணையாக எதிர்த்திசையில் பறக்கும் பக்கம். "உக்காந்து படிச்சா வராது பாப்பா, நடந்து வாய்விட்டுச் சொல்லு." அவர் காலத்தில் விமானத்துக்குக் காத்திருந்த பையன்கள் புல்தரையில் செய்தது அது. பேத்தி எண்களை மாற்றிக்கொண்டாள். டவுன்விண்ட், 1,000 அடி, 85 நாட். ரன்வே முனைக்கு நேரே வந்ததும் கார்ப் ஹீட், பவர் 1,500, வேகம் வேகமானியின் வெள்ளை வளைவுக்குள் வந்த பிறகே ஃபிளாப் (இறக்கையின் பின்பக்க மடல்) 10. தொட்டி மூலையில் திரும்பி பேஸ் (ரன்வேக்குக் குறுக்கே), 70 நாட், ஃபிளாப் 20. பைனல் (ரன்வேக்கு நேரே), ஃபிளாப் 30, 60 நாட். ஒவ்வொரு மூலையிலும் ரேடியோ அழைப்பை உரக்கச் சொல்ல வேண்டும். நாளுக்கு 10 சுற்று. நடுநடுவே சித்தப்பா கட்டைச் சுவரில் உட்கார்ந்து "ரன்வேல மாடு நிக்குது" என்பார். உடனே கார்ப் ஹீட் உள்ளே, முழுப் பவர், ஃபிளாப் 20க்கு, வேகம் பார்த்து ஏற்றம். பக்கத்து வீட்டுக்காரர்கள் என்ன நினைத்தார்களோ.

திரும்பப் போய் முதல் சோதனைப் பறப்பிலேயே வரிசை சரியாக வந்தது. ஃப்ளேர் மட்டும் ஐந்து லேண்டிங்கில் திரும்பியது. மொத்தம் 1 மணி 50 நிமிடம். இரண்டாவது இடைவெளிக்குப் பிறகு இது 2 மணி 30 நிமிடமாக இருந்தது. 58 நாள் ஓட்டையை 26 நாள் ஓட்டையைவிடக் குறைவான நேரத்தில் அடைத்ததற்கு மாடி மட்டும் காரணம் என்று சொல்லிவிட முடியாது. அதற்குள் அனுபவமும் கூடியிருந்தது. ஆனால் செலவு ஒரு டப்பா சாக்பீஸ்.

மூன்று ஓட்டைக்கும் சேர்த்து விலை: மறுபயிற்சி எட்டரை மணி, மணிக்கு 15,000 என்று வைத்தால் 1,27,500. அதுவரை வாங்கிய 30 லட்சம் கடனுக்கு 11 சதவீத வட்டியில் 125 நாளுக்கு ஏறக்குறைய 1,13,000. விடுதியும் மெஸ்ஸும் மாதம் 12,000 வீதம் 50,000. ஆக மொத்தம் 2 லட்சத்து 90 ஆயிரத்துக்குச் சற்று மேல். பள்ளி தந்த கட்டண விவரத்தாளில் இதற்கு ஒரு வரிகூட இல்லை.

இப்போதைய நிலை

விதி கேட்பது 200 மணி. அதற்குள் 100 மணி தலைமை விமானியாக, 20 மணி நெடுந்தூரம், அதில் ஒன்று 300 நாட்டிகல் மைலுக்குக் குறையாமல் வேறு இரண்டு விமான நிலையங்களில் முழுக்க நின்று திரும்பியதாக, 10 மணி கருவிவழி, 5 மணி இரவு. எல்லாம் முடிந்து சிபிஎல் வந்துவிட்டது, கருவிவழித் தகுதியும் இருக்கிறது. கையில் டைப் ரேட்டிங் இல்லை. வேலை உறுதியாகாமல் இன்னும் 18 லட்சத்தை எடுத்து ஏ320 ரேட்டிங் செய்வதா, தேர்வு வைத்து எடுத்துத் தாங்களே பயிற்சிக்கு அனுப்பும் நிறுவனத்துக்குக் காத்திருப்பதா என்பது வீட்டில் முடிவாகவில்லை. தாத்தா காத்திருக்கச் சொல்கிறார். சித்தப்பா, காத்திருக்கிறதானால் இன்ஸ்ட்ரக்டர் ரேட்டிங் எடுத்துப் பறந்துகொண்டே காத்திரு என்கிறார். அவர் சொல்வதில் கணக்கு இருக்கிறது. இன்ஸ்ட்ரக்டர் சம்பளம் குறைவுதான், ஆனால் மணி நேரம் ஏறும், கருவிவழிச் சோதனைக்குக் கை சூடாக இருக்கும்.

கிளாஸ் 1 பிப்ரவரியில் முடிகிறது. மறுபரிசோதனைக்கு இரண்டு மாதம் முன்பே நாள் வாங்க வேண்டும், அதற்கு ஒரு மாதம் முன்பே ஹீமோகுளோபின் பார்க்க வேண்டும். படிப்பு முடிந்தபின் கடன் தவணைக்குக் கிடைத்த ஓராண்டு விலக்கு ஜூனில் தீரும். 45 லட்சம், 11 சதவீதம், 15 ஆண்டு என்றால் மாதத் தவணை 51,000 ரூபாய். முதல் தவணை ஜூலை 5.